தீக்கு முன்னே மாடு மேய்ந்தால்...



காட்டுத் தீ என்றவுடன் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது புகைமூட்டம்தான். 1997, 2013, 2015 என்று ஆண்டுகளை விரல் விட்டுச் சொல்லிவிடலாம். முகக்கவசம் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியது, பள்ளிகளை மூடியது, பகலிலேயே ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தீயில் பெரும்பகுதி சதுப்பு நிலத்துத் தீ. மண்ணுக்கு அடியில் வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். இன்று பேசப்போவது வேறு ஜாதித் தீயைப் பற்றி. அது புல்லில் பிடிக்கும் தீ.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டால் லாலாங் தீயைப் பற்றிச் சொல்வார்கள். வெயில் காலத்தில் ஒரு துண்டு சிகரெட் போதும். சடசடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழும்பி, அரை மணி நேரத்தில் ஒரு மேட்டையே கருக்கிவிட்டு அடங்கிப்போகும். அப்படிப்பட்ட மேடு ஒன்று, ஒரு நாட்டின் பாதியளவுக்குப் பரந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புல்லுக்கு நடுவே அங்கங்கே மரங்களும் நிற்கின்றன. ஆண்டுதோறும் அது எரிகிறது. ஆப்பிரிக்காவின் சவானா மரக்காடுகள் இப்படித்தான் இருக்கின்றன.

உலகத்தில் ஒவ்வோர் ஆண்டும் தீயில் எரியும் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 விழுக்காடு ஆப்பிரிக்காவில் இருப்பதைத் துணைக்கோளப் படங்கள் காட்டுகின்றன. கலிஃபோர்னியாவில் பத்து மாளிகைகள் எரிந்தால் உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் அங்கே போய் நிற்கும். ஆப்பிரிக்காவில் எரிவது புல்லும் ஏழைகளின் மரமும். அதனால் கேமரா அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அந்தப் புல் தீயை மாட்டை வைத்து அடக்க முடியுமா என்பதுதான் இன்றைய கேள்வி. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இதற்காகவே காட்டுக்குள் வேலி போட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து ஆராய்ந்த நாடு ஒன்று உண்டு.

மூன்று போராட்டங்கள்

அந்த நாடு மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள புர்கினா பாசோ. 1984 வரை அதன் பெயர் அப்பர் வோல்டா. கடற்கரை கிடையாது. தலைநகரம் ஊகாடூகூ. அதன் மேற்குப் பகுதியில் மூஊன் என்ற ஆறு ஓடுகிறது. ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுகிற ஆறு அந்த நாட்டில் அபூர்வம் என்பதால் அதன் கரைக்காடுகளுக்கு மதிப்பு அதிகம்.

அங்கே மழை மே மாதம் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். மொத்தமே 850 முதல் 900 மில்லிமீட்டர்தான். நம் பக்கத்தில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுவதை நினைத்தால் இது பாதிக்கும் குறைவு. ஆனால் அந்த ஐந்தாறு மாத மழையில் புல் இரண்டு மீட்டர், சில இடங்களில் மூன்று மீட்டர் உயரம்கூட வளர்ந்துவிடும். அக்டோபரில் மழை நிற்கிறது. நவம்பரில் புல் மஞ்சளாகிறது. அப்போது வடக்கே சகாராவிலிருந்து ஹார்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு இறங்கி வருகிறது. ஜனவரி, பிப்ரவரியில் அந்தப் புல் வைக்கோல் போருக்குச் சமம்.

தீயை மூட்டுவது பெரும்பாலும் இடி மின்னல் அல்ல, மனிதர்கள்தான். வேட்டைக்காரர் விலங்கை விரட்டக் கொளுத்துகிறார். விவசாயி நிலத்தைத் துப்புரவு செய்யக் கொளுத்துகிறார். தேன் எடுப்பவரின் பந்தம் கைதவறுகிறது. மாடு மேய்ப்பவரும் கொளுத்துகிறார், காய்ந்த தாளை எரித்தால் அடியிலிருந்து பச்சைத் துளிர் வரும் என்று.

1983இல் ஆட்சிக்கு வந்த இளம் தலைவர் தோமா சங்காரா, 1985இல் மூன்று போராட்டங்களை அறிவித்தார். ஒன்று, காட்டுத் தீக்கு எதிராக. இரண்டாவது, கண்டபடி மரம் வெட்டுவதற்கு எதிராக. மூன்றாவது, கால்நடைகள் கட்டுப்பாடின்றித் திரிவதற்கு எதிராக. தீயும் மாடும் ஒரே குற்றப்பட்டியலில் இடம்பெற்றன. அவர் நல்ல நோக்கத்தோடுதான் சொன்னார். சுற்றுச்சூழலைப் பற்றி ஆட்சியாளர்கள் பேசாத காலத்தில் பேசிய மனிதர் அவர். 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் அந்த வட்டாரத்தை வாட்டியெடுத்த வறட்சிக்குப் பிறகு வந்த அறிவிப்பு அது. பாலைவனம் தெற்கே நகர்ந்து வருகிறது என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. அந்தப் பயத்தில் மாடும் எதிரியாகிவிட்டது.

1987இல் சங்காரா சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் மாடு காட்டுக்கு எதிரி என்ற எண்ணம் அவரோடு போகவில்லை. அது அவருக்கு முன்பே பிரெஞ்சுக் காலனி ஆட்சியிலிருந்து வந்தது. மேய்ச்சல்காரன் வனக் காவலரைக் கண்டால் ஓடுவான், பிடிபட்டால் அபராதம் கட்டுவான். இந்த நிலைதான் காலம் காலமாக நீடித்தது.

வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

1992ஆம் ஆண்டு, மூஊன் ஆற்றுப் பக்கத்தில் லாபா, தியோகோ என்ற இரண்டு அரசுக் காடுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. லாபா 1936இலும் தியோகோ 1940இலும் காலனி ஆட்சி எல்லை வகுத்த காடுகள். புர்கினா பாசோவின் அரசுச் சுற்றுச்சூழல், வேளாண் ஆய்வுக் கழகமான இநேரா, சுவீடன் நாட்டின் உதவியோடு இதை நடத்தியது. லூயி சவாடோகோ, பத்ரீஸ் சவாடோகோ போன்ற அந்நாட்டு ஆய்வாளர்களின் பெயர்கள் இந்தத் துறையில் அறியப்பட்டது இந்த வேலையால்தான்.

ஆய்வின் அமைப்பு மிக எளிமையானது. ஒவ்வொரு காட்டிலும் 18 ஹெக்டர் நிலம். அதில் பாதியைச் சுற்றி வேலி போட்டு மாடு, ஆடு நுழையாமல் அடைத்தார்கள். மறுபாதியைத் திறந்து விட்டார்கள். சுற்றுக் கிராமத்து மாடுகளும் ஃபுலானி மேய்ச்சல்காரர்களின் மாடுகளும் வழக்கம்போல வந்து மேய்ந்தன. பிறகு நிலத்தைக் கால் ஹெக்டர் துண்டுகளாகப் பிரித்தார்கள். சில துண்டுகளில் தீயே வைப்பதில்லை. சில துண்டுகளில் மழை முடிந்த கையோடு ஆண்டுதோறும் தீ வைத்தார்கள். சிலவற்றில் மரமும் வெட்டிப் பார்த்தார்கள். மேய்ச்சல், தீ, மரவெட்டு மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்க்க வேண்டும் என்பதே நோக்கம். சங்காரா ஒரே மூச்சில் தடுத்த அதே மூன்றையும்தான் இவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து எடை போட்டார்கள்.

ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு அல்ல, பத்தாண்டுக்கும் மேலாக அளந்துகொண்டே இருந்தார்கள். புல்லை வெட்டி எடை பார்த்தார்கள். அதில் காய்ந்தது எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று பிரித்தார்கள். தீ வைத்துவிட்டு, அது எத்தனை வேகத்தில் நகர்கிறது, எத்தனை சூடு ஏறுகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். மாடு மேய்ந்த பக்கத்தில் புல்லின் உயரம் குறைவு, எரிவதற்குக் கிடைக்கும் காய்ந்த தாளும் குறைவு, தீயின் உக்கிரமும் குறைவு என்பது தெரியவந்தது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். காட்டுத் தீயின் உக்கிரத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் பைரம் 1959இல் எழுதியது. இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். எரியும் பொருளின் எடை, அதிலிருந்து வெளிப்படும் வெப்பம், தீ நகரும் வேகம் இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். புல்லின் வெப்பத்தில் பெரிய மாற்றம் இருக்காது. எடையும் வேகமும்தான் ஏறி இறங்கும். மாடு புல்லில் பாதியைத் தின்றுவிட்டது, அதனால் தீயின் வேகமும் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். உக்கிரம் நாலில் ஒரு பங்காகிவிடுகிறது. அதுமட்டுமல்ல, மாடு நடந்து நடந்து உண்டாக்கும் ஒற்றையடித் தடங்கள், மிதித்துத் தரையோடு சாய்த்த தாள், அங்கங்கே வெறும் மண் தெரியும் இடங்கள், இவை எல்லாம் தீயின் ஓட்டத்தை அறுத்துவிடுகின்றன. தீக்குத் தொடர்ச்சி வேண்டும். நடுவில் துண்டு விழுந்தால் அது தடுமாறும்.

ஒரு மாடு எவ்வளவு தின்னும்? 250 கிலோ எடையுள்ள மாட்டை அங்கே ஓர் அலகாக வைத்திருக்கிறார்கள். அது நாளொன்றுக்குச் சுமார் 6.25 கிலோ காய்ந்த எடை அளவு தீவனம் உண்ணும். 40 மாடுகள் உள்ள ஒரு மந்தை நாளைக்கு 250 கிலோ, நான்கு மாதத்தில் 30 டன். ஹெக்டருக்கு மூன்று டன் புல் விளையும் இடத்தில், பாதிப் புல்லை மட்டும் மேயவிட்டால் 20 ஹெக்டர் நிலத்துக்கு ஒரு மந்தை போதும். டீசலும் வேண்டாம், புல்வெட்டி இயந்திரமும் வேண்டாம். பால் வேறு கிடைக்கிறது.

மலேசியர்களுக்கு இது புதிய கணக்கு அல்ல. செம்பனைத் தோட்டங்களில் மாடுகளை மேயவிட்டுக் களைக்கொல்லிச் செலவைக் குறைக்கும் பழக்கம் இங்கே பல காலமாக உண்டு. அங்கே குறைவது களைச் செலவு, ஆப்பிரிக்காவில் குறைவது தீ.

இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கீழே

தீயின் உக்கிரம் குறைந்தால் யாருக்கு லாபம்? பெரிய மரத்துக்கு அதனால் அவ்வளவு வித்தியாசம் இல்லை. சவானா மரங்களுக்குப் பட்டை தடிப்பு, சாதாரணப் புல் தீயைத் தாங்கிக்கொள்ளும். ஆபத்து கன்றுகளுக்குத்தான். இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே இருக்கும் கன்றின் உச்சி, தீ நாக்குக்குள் இருக்கிறது. அது கருகி, வேரிலிருந்து மறுபடி துளிர்த்து, அடுத்த ஆண்டு மறுபடி கருகும். இப்படிப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆள் உயரத்தைத் தாண்டாமலே தவிக்கும் மரங்கள் உண்டு. வேர் கிழமாகிவிட்டிருக்கும், தண்டு மட்டும் எப்போதும் குழந்தை. இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் தீ இளைத்தால்தான் அது தலை தப்பி மேலே போக முடியும்.

அங்கே ஷியா என்று ஒரு மரம். நம் இலுப்பை, சப்போட்டா மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலுப்பைக் கொட்டையைப் போலவே அதன் கொட்டையிலும் கொழுப்பு. அதைப் பொறுக்கி, வேகவைத்து, உலர்த்தி, இடித்து, வெண்ணெய் எடுப்பது முழுக்க முழுக்கப் பெண்களின் வேலை. பணக்கார நாடுகளின் சாக்லேட்டிலும் முகத்தில் பூசும் கிரீமிலும் அந்த வெண்ணெய்தான் கலந்திருக்கிறது. அந்த மரம் விதையிலிருந்து வளர்ந்து காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். பூப்பது டிசம்பர் முதல் மார்ச் வரை. சரியாக அந்த மாதங்களில்தான் கடுந்தீ வருகிறது. ஜனவரியில் ஒரு தீ மரத்தடியில் பாய்ந்தால், ஜூன் மாதத்தில் பொறுக்குவதற்குக் கொட்டை இருக்காது. பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம் அந்தக் கொட்டையில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் புல் தீ சின்ன விஷயமாகத் தெரியாது.

பருவம் தப்பிய தீ என்ன செய்யும் என்பது பழைய பாடம். நைஜீரியாவின் ஒலோகெமெஜி காட்டில் 1929இலேயே மூன்று துண்டு நிலங்களை வைத்துப் பார்த்தார்கள். தீயே படாத துண்டு அடர்ந்த காடானது. மழை முடிந்ததும் ஈரம் இருக்கும்போதே எரித்த துண்டில் மரங்கள் ஓரளவு நிலைத்தன. வறட்சியின் கடைசியில் எரித்த துண்டில் தீயைத் தாங்கும் சில மரங்கள் மட்டுமே மிஞ்சின. இதனால்தான் புர்கினா பாசோவின் 1997 வனச் சட்டமும் அதைத் தொடர்ந்த விதிகளும் எல்லாத் தீயையும் ஒரே கண்ணால் பார்க்காமல் வகை பிரித்தன. முன்பருவத்தில் கட்டுப்பாட்டோடு வைக்கும் தீக்கு இடம் கொடுத்தன. தீயை மன்னித்த அளவுக்கு மாட்டை மன்னிக்கவில்லை என்பதுதான் விசித்திரம்.

வெக்கை நோயும் செரங்கெட்டியும்

வாயுள்ள ஜீவன் தீயை அடக்கும் என்பதற்கு மிகப் பெரிய சாட்சி கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியாவின் செரங்கெட்டியில் இருக்கிறது. 1890 வாக்கில் மாடுகளுக்கு வரும் வெக்கை நோய் அங்கே பரவியது. மாடுகள் செத்தன, மசாய் மக்கள் பட்டினியில் மடிந்தார்கள். அதோடு வில்டபீஸ்ட் என்ற காட்டு மந்தை விலங்குகளும் செத்தன. மேய ஆளில்லாததால் புல் மண்டியது. புல் மண்டியதால் தீ பெருகியது. பிறகு வீட்டு மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் மறைந்தது. அப்போது ஏறக்குறைய இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட், 1970களின் கடைசியில் 13 லட்சத்தை எட்டியது. அத்தனை வாய்களும் புல்லைத் தின்றன. எரியும் பரப்பு சரிந்தது, இளமரங்கள் தலை தூக்கின. கரியமிலத்தை வெளியே விட்டுக்கொண்டிருந்த நிலம் அதை உள்ளே இழுக்கும் நிலமாக மாறியதாக 2009இல் வெளியான ஆய்வு சொன்னது. மாட்டுக்குப் போட்ட ஊசி காட்டை வளர்த்த கதை இது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள்.

உலக அளவிலும் ஒரு கணக்கு உண்டு. 1998 முதல் 2015 வரையிலான துணைக்கோளப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். எரிந்த பரப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதிகம் குறைந்தது சவானாவிலும் புல்வெளிகளிலும். வயலும் மந்தையும் பெருகியதே முக்கியக் காரணம் என்றார்கள். இதைக் கேட்டுக் கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தீ குறைந்த இடத்தில் எல்லாம் காடு செழித்துவிடவில்லை. உழுது போட்ட நிலத்திலும்தான் தீ குறையும்.

ஒரே புல், இரண்டு கண்டம்

மாடு எல்லாப் புல்லையும் எல்லாக் காலத்திலும் தின்றுவிடாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

புர்கினா பாசோவின் காடுகளில் உயரமாக வளரும் புல் ஆண்ட்ரோபோகன் கயானஸ். ஒரு முறை வேர் பிடித்தால் பல ஆண்டு நிற்கும். மழைக்காலத்தில் இளசாக இருக்கும்போது மாடுகளுக்கு அது விருந்து. பூத்து முற்றிவிட்டால் மூங்கில் குச்சி மாதிரி ஆகிவிடும், சத்தும் இருக்காது, மாடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆகவே புல்லைக் குறைக்க வேண்டும் என்றால் ஜூலை முதல் செப்டம்பருக்குள் மேயவிட வேண்டும். டிசம்பரில் கொண்டுவந்து விட்டால் வேலைக்கு ஆகாது.

ஃபுலானி மேய்ச்சல்காரர்களின் நாட்காட்டியோ இதற்கு நேர் எதிரானது. மழைக்காலத்தில் பெரிய மந்தைகள் வடக்கே, சாகேல் புல்வெளிக்குப் போகும். தெற்கே பயிர் நிற்கும், கொசுவும் ஈயும் அதிகம். வறண்ட காலத்தில்தான் தெற்கே இறங்கி வரும். அதாவது எரிபொருள் வளரும்போது மந்தை இல்லை, எரிபொருள் காய்ந்த பிறகு வந்து சேர்கிறது. மழைக்காலத்தில் காட்டில் இருப்பது பெரும்பாலும் உள்ளூர்க் கிராமத்து மாடுகள். வயலில் சோளமும் கம்பும் நிற்பதால் அவற்றைக் காட்டுப் பக்கம் ஓட்டிவிடுவார்கள். சட்டத்தின் கண்ணில் அது அத்துமீறல், தீயின் கண்ணிலோ அந்த மாடுகள்தான் உண்மையான தடுப்பு.

இதே ஆண்ட்ரோபோகன் புல் 1930களில் மாட்டுத் தீவனத்துக்காக ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே அதற்குக் கம்பாப் புல் என்று பெயர். வேலிக்குள் மாடு மேய்கிற வரை அடக்கமாக இருந்தது. வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போன பிறகு அதைத் தொட ஆளில்லை. நான்கு மீட்டர் உயரம் வளர்ந்து காய்ந்தது. உள்ளூர்ப் புல்லில் எரியும் தீயைவிட அதில் எரியும் தீ எட்டு மடங்கு உக்கிரம் என்று அளந்திருக்கிறார்கள். யூகலிப்டஸ் மரங்களே தாங்க முடியாமல் சாய்கின்றன. டார்வின் நகரத்தை ஒட்டியும், சுற்றுப்பயணிகள் விரும்பிப் போகும் லிட்ச்ஃபீல்ட் தேசியப் பூங்காவிலும் இதுதான் பெருந்தொல்லை. 2008இல் அதை அங்கே களை என்று அறிவித்தார்கள். தாய்மண்ணில் மாடும் மானும் காலம் காலமாகத் தின்று அளவில் வைத்திருந்த புல், தின்பவர் இல்லாத ஊரில் வெடிமருந்தாகிவிட்டது.

அளவு மீறினால்

மாட்டுக்கு வக்கீலாகப் பேசும்போது அதன் குற்றங்களையும் சொல்லிவிட வேண்டும். அதே லாபா, தியோகோ காடுகளில்தான் மற்றொன்றையும் அளந்தார்கள். மேய்ச்சல் அதிகமான இடத்தில் குளம்பு பட்டு மண் இறுகி, மழைநீர் உள்ளே இறங்குவது குறைந்தது. ஓராண்டில் அறுபது எழுபது நாள் மட்டும் பெய்யும் மழை மண்ணில் இறங்காமல் ஓடிவிட்டால் அதைவிட நஷ்டம் வேறில்லை. சுவையான பல்லாண்டுப் புல்லை மாடு தேடித் தேடித் தின்பதால் அது அருகிவிடும். அந்த இடத்தில் மாடு அவ்வளவாக விரும்பாத ஓராண்டுப் புற்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவை சீக்கிரம் காய்ந்து சீக்கிரம் தீப்பிடிக்கும். மரக்கன்றுகளிலும் சில இனங்களுக்கு மேய்ச்சல் உதவுகிறது, சில இனங்களை ஆடும் மாடும் கடித்தே முடிக்கின்றன. எல்லாக் காட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

வறட்சியின் கடைசி மாதங்களில் புல்லே இல்லாதபோது மேய்ச்சல்காரர் மரத்தில் ஏறிக் கிளையை வெட்டி மாட்டுக்குப் போடுகிறார். அதில் அதிகம் அடிபடுவது ஒரு வேங்கை இனம், நம் ஊர்ச் சாலையோரங்களில் மஞ்சளாய்ப் பூ உதிர்க்கும் அங்சானாவின் உறவு. வனக் காவலர் கோபப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஒரு வெட்டுக்காக மேய்ச்சலையே காட்டிலிருந்து வெளியேற்றினால், புல் ஏறி, தீ ஏறி, வேங்கையின் கன்றுகள்தான் முதலில் போகும். கிளைக்கும் கன்றுக்கும் இடையில் எதை விட்டுக்கொடுப்பது என்பது அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்க்கும் கணக்கு அல்ல.

வழி என்ன என்றால், காட்டை முழுவதும் திறந்து விடுவதும் அல்ல, முழுவதும் அடைப்பதும் அல்ல. எங்கே தீ நுழைகிறதோ அங்கே மேயவிட வேண்டும். வயலும் காடும் சேரும் ஓரம், வண்டிப் பாதையின் இரு பக்கம், ஷியா மரங்கள் நிற்கும் கிராமத்து எல்லை, காட்டை ஊடறுத்துப் போகும் மந்தை வழி. மாட்டை அடித்து ஓட்ட வேண்டியதில்லை. உப்புக்கட்டியை எங்கே வைக்கிறோமோ, தண்ணீர்க் குட்டையை எங்கே வெட்டுகிறோமோ அங்கே மாடு தானாகப் போய் நிற்கும். அந்தப் பட்டையை மழைக்காலத்தில் மேய்ந்து குறைத்துவிட்டு, மிஞ்சியதை அக்டோபர், நவம்பரில் முன்பருவத் தீயால் எரித்துவிட்டால், ஜனவரித் தீ வந்து முட்டும்போது தின்ன எதுவும் இருக்காது. எரித்த இடத்தில் வரும் பச்சைத் துளிரை நோக்கி மாடு மறுபடி வரும். மேய்ச்சலும் தீயும் இப்படி மாறி மாறி வேலை செய்யும்.

இதற்குச் சட்டமும் ஓரளவு இருக்கிறது. 2002இல் புர்கினா பாசோ மேய்ச்சல் தொழிலுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்து, மந்தை வழிகளையும் தண்ணீர் உரிமையையும் எழுத்தில் ஒப்புக்கொண்டது. நடைமுறையில் பல மந்தை வழிகளை விவசாயிகள் உழுதுவிட்டார்கள். பருத்தி வயல் பெருகப் பெருக வழி சுருங்கியது. மாடு பயிரில் இறங்கினால் சண்டை, சண்டையில் சில நேரம் கொலை.

2015க்குப் பிறகு நிலைமை வேறு விதமாகிவிட்டது. ஆயுதக் குழுக்கள் நாட்டின் பெரும் பகுதிக்குள் ஊடுருவின. 2023க்குள் இருபது லட்சம் பேருக்கு மேல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். ஆயுதக் குழுக்கள் ஃபுலானி இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டதால் ஃபுலானி இனத்தவர் எல்லார் மீதும் சந்தேகம் விழுந்தது. மாடு மேய்த்துக்கொண்டு காட்டுக்குள் போகும் ஒருவரை இப்போது வனக் காவலர் அபராதம் கேட்டு நிறுத்துவதோடு விஷயம் முடிவதில்லை. அவர் யாருக்கு உளவு சொல்லப் போகிறார் என்று இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். உயிருக்குப் பயந்து பல குடும்பங்கள் மந்தையை விற்றுவிட்டன, அல்லது ஐவரி கோஸ்ட், கானா பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டன. 2022இல் எட்டு மாத இடைவெளியில் இரண்டு ராணுவப் புரட்சிகளும் நடந்தன.

மந்தை போன காட்டில் என்ன நடக்கும் என்பதை லாபாவிலும் தியோகோவிலும் வேலிக்குள் அடைத்து வைத்த ஒன்பது ஹெக்டர் நிலம் ஏற்கெனவே காட்டிவிட்டது. அக்டோபரில் மழை நிற்கிறது. முன்பருவத் தீ வைக்கச் சில வாரங்கள்தான் அவகாசம். அதற்கும் ஆள் காட்டுக்குள் போயாக வேண்டும். போக ஆளில்லாத இடத்தில் புல் இரண்டு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு ஹார்மட்டானுக்குக் காத்திருக்கிறது.